ஒரே ஆள், பத்து சர்வர்: ஆன்சிபிள் தொடங்கும் வழி

கள்ளிக்குப்பத்தில் வீடு, அம்பத்தூர் எஸ்டேட்டில் உதிரிபாகம் செய்யும் நடுத்தர கம்பெனி ஒன்றில் சிஸ்டம் அட்மின் வேலை என்று வைத்துக்கொள்வோம். இஆர்பி, வருகைப்பதிவு, டேட்டாபேஸ், பேக்கப் என்று பத்து லினக்ஸ் சர்வர்கள். பார்த்துக்கொள்ள நீங்கள் ஒருவர்தான். புது வெர்ஷன் வந்தால் ஒவ்வொன்றிலும் லாகின் செய்து கட்டளை அடிக்கிறீர்கள். ஆறாவதில் இருக்கும்போது போன் வரும். ஏழாவதில் ஒரு வரி விட்டுப்போகும்.

இதற்குப் பப்பெட், செஃப், சால்ட் என்று பல மென்பொருள்கள் உண்டு. ஒற்றை ஆளுக்கு ஏற்றது ஆன்சிபிள் என்பேன். மைக்கேல் டிஹான் 2012-ல் வெளியிட்டார், 2015-ல் ரெட் ஹேட் வாங்கியது, இலவசம். சர்வர்களில் தனியாக ஏஜென்ட் எதுவும் போட வேண்டாம். எஸ்எஸ்எச், பைத்தான் இரண்டும் இருந்தால் போதும்.

நிறுவுவதற்கு முன் ஒரு தாளில் எல்லா சர்வர்களையும் எழுதுங்கள்: ஐபி, எதற்கு ஓடுகிறது, எந்த லினக்ஸ், நின்றால் யார் கத்துவார்கள். கடைசிக் கேள்விதான் முக்கியம். யாரும் கத்தாத சர்வரில் பழகத் தொடங்கலாம். இந்தத் தாளையே வெப், டேட்டாபேஸ், பேக்கப் என்று குழு பிரித்து எழுதினால், அதுதான் ஆன்சிபிள் கேட்கும் இன்வென்டரி கோப்பு.

அடுத்து உங்கள் லினக்ஸ் கணினியில் ஆன்சிபிளை நிறுவுங்கள். விண்டோஸ் என்றால் டபிள்யூஎஸ்எல் வழியாக. எஸ்எஸ்எச் கீ உருவாக்கி, அதன் பப்ளிக் கீயை எல்லா சர்வர்களிலும் சேருங்கள். பிங் மாட்யூலை ஓட்டினால் லாகின் ஆகிறதா, பைத்தான் கிடைக்கிறதா என்று தெரிந்துவிடும்.

இனி பிளேபுக், அதாவது சர்வர்களுக்கான டாஸ்க்குகளை எழுதி வைக்கும் கோப்பு. இதில் ‘இதைச் செய்’ என்று எழுதுவதைவிட ‘இது இப்படி இருக்க வேண்டும்’ என்று எழுதிப் பழகுங்கள். இன்ன பேக்கேஜ் இருக்க வேண்டும், இன்ன சர்வீஸ் ஓட வேண்டும், அவ்வளவுதான். யாமல் வடிவம் என்பதால் டேப் கூடாது, ஸ்பேஸ்தான். சர்வீஸுக்கு இரண்டு நிலைகளையும் எழுத மறக்காதீர்கள். ‘ஸ்டார்டட்’ என்றால் இப்போது ஓடும். ‘எனேபிள்ட்’ என்றால்தான் சர்வர் மறுபடி எழும்போது தானாக ஓடும். இரண்டாவது விட்டுப்போனது, மின்வாரியம் பராமரிப்புக்காகக் கரண்டை நிறுத்தி, யுபிஎஸ்ஸும் தீர்ந்த பிறகுதான் தெரியவரும்.

எழுதியதை ஒரே சர்வரில் இரண்டு முறை ஓட்டுங்கள். இரண்டாம் முறை ‘சேஞ்ச்ட்’ பூஜ்யம் என்று வர வேண்டும். வரவில்லையென்றால் பெரும்பாலும் எங்கோ ஷெல் மாட்யூலில் கட்டளையை அப்படியே ஒட்டியிருப்பீர்கள். அதற்குரிய மாட்யூலைத் தேடி மாற்றுங்கள். செக் மோடில் ஓட்டினால் என்ன மாறும் என்று முன்கூட்டியே காட்டும். ஆனால் ஷெல் கட்டளைகளை அது பொதுவாகத் தாண்டிப் போய்விடும். எனவே செக் மோடு சரி என்றது என்று நிம்மதியாக வீட்டுக்குக் கிளம்ப வேண்டாம்.

அப்ளிகேஷனை ஏற்றும்போது ஒவ்வொரு வெர்ஷனுக்கும் தனி ஃபோல்டர் வைத்து, ‘கரன்ட்’ என்ற சிம்லிங்கைப் புதியதற்குத் திருப்புங்கள். சிக்கல் வந்தால் லிங்கைப் பழையதற்குத் திருப்பினால் போதும். ‘சீரியல்’ 1 என்று வையுங்கள். ஒரு சர்வர் முடிந்த பிறகே அடுத்தது, முதலாவது விழுந்தால் ஓட்டம் அங்கேயே நிற்கும். கடைசி டாஸ்க்காக எல்லா சர்வர்களின் வெர்ஷனையும் சரிபாருங்கள். 2012 ஆகஸ்ட் 1 அன்று அமெரிக்காவின் நைட் கேபிடல் பங்கு வர்த்தக நிறுவனத்தில் எட்டு சர்வர்களில் ஒன்றுக்கு மட்டும் புதிய கோட் போகவில்லை. அதில் கிடந்த பழைய கோட் விழித்துக்கொண்டு, சுமார் 45 நிமிடங்களில் 46 கோடி டாலருக்கு மேல் நஷ்டம். ஏற்றியது கையால், இரண்டாவது ஆள் பார்க்கவும் இல்லை.

ஷிப்ட் மாறும் நேரத்தில் வருகைப்பதிவு சர்வரைத் தொடாதீர்கள். பஞ்ச் விழவில்லை என்றால் கேட்டில் கூட்டம் சேர்ந்துவிடும்.

பாஸ்வேர்டுகளை ஆன்சிபிள் வால்ட்டில் பூட்டி, பிளேபுக்குகளை கிட்டில் வையுங்கள். வால்ட்டின் பாஸ்வேர்டு கிட்டுக்குள் போகக் கூடாது.

டேட்டாபேஸுக்கு மட்டும் சிம்லிங்க் தந்திரம் செல்லாது. டேபிள் அமைப்பு மாறிவிட்டால் பழைய கோட் அதில் ஓடாமல் போகலாம். ஏற்றுவதற்கு முன் டம்ப் எடுப்பதை பிளேபுக்கின் முதல் டாஸ்க்காக வைத்து, அந்த டம்ப்பை வேறொரு மெஷினில் ஒரு முறையாவது ரீஸ்டோர் செய்து பார்த்துவிடுங்கள்.