மணிக்கட்டில் ஓர் ஊதாத் துளி

வெள்ளவத்தை,
ஞாயிறு பின்னேரம்.

அன்பு மகள்,

போன கிழமை நீ மேசையில் வைத்துவிட்டுப் போன சென்ற் போத்தலைத் தம்பியிடம் திருப்பிக் கொடுத்தனுப்புகிறேன். "எனக்கு வேண்டாம் குஞ்சியம்மா, கோயில் வாசம் அடிக்குதெண்டு கந்தோரிலை ஒருத்தி சிரிக்கிறாள்" என்றாய். அன்றைக்கு நான் ஒன்றும் சொல்லவில்லை. ஐந்து நாள் பூசிப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

பாரிஸிலிருந்து உன் மாமா கொண்டுவந்தது லேசுப்பட்ட சாமான் இல்லை. செர்ஜ் லூடென்ஸ் நிறுவனத்துக்காகக் கிறிஸ்டோபர் ஷெல்ட்ரேக் உருவாக்கி, 2007இல் வெளிவந்த 'சராஸின்' அது. மல்லிகைச் சென்ற் என்றால் வெளிறிய மஞ்சளாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். இதுவோ கறுத்த ஊதா. மணிக்கட்டில் விட்ட துளி, பேனை மை கசிந்ததுபோல் தோலின் சுருக்கங்களுக்குள் ஓடியது. வெள்ளை உடுப்பில் பட்டால் கறை பிடிக்கும், கவனம்.

முதல் பத்து நிமிஷம் எனக்கும் பிடிக்கவில்லை. மொட்டின் மணமில்லை அது. இரவெல்லாம் தலையில் இருந்து, விடியப்புறம் தலையணையில் நசிந்து கிடக்கும் பூவின் மணம். தோல் சூடேற ஏறக் கராம்பு எழும்பியது. பல்வலிக்கு அம்மம்மா என் கொடுப்புக்குள் வைத்துக் கடிக்கச் சொன்னாளே, அந்தக் கராம்பின் உறைப்பேதான். பின்னேரமானதும் பழைய தோல் பையைத் திறந்ததுபோல் ஒரு கனத்த வாசம் வந்து, படுக்கும்வரை கூடவே இருந்தது. நீ முதல் பத்து நிமிஷத்தோடு போத்தலை மூடிவிட்டாய், பிள்ளை.

அந்த நசிந்த வாசத்துக்குக் காரணம் இந்தோல் என்றொரு பொருள். மலத்திலும் அது உண்டு. மல்லிகையில் கொஞ்சமாய் இருக்கிறது. அதை நீக்கினால் மிஞ்சுவது சவர்க்கார மல்லிகைதான். பறித்த பிறகும் மணம் விட்டுக்கொண்டே இருக்கிற பூ இது. நீராவியில் அவித்தால் மணம் கெட்டுவிடும் என்றுதான் கரைப்பானில் ஊறவைத்து எடுக்கிறார்கள். உயிருள்ள சாமானில் கொஞ்சம் அழுக்கும் இருக்கத்தான் செய்யும்.

கோயில் வாசம் என்றவள் பிழையாகச் சொல்லவில்லை. உங்கள் கொட்டாஞ்சேனைப் பொன்னம்பலவாணேஸ்வரர் கோயிலில், கருங்கல்லில் எண்ணெய் ஊறிய இடத்தில், மாலைப் பூசை முடிந்த நேரம் நின்று பார். அவள் போகும் பன்சலையிலும் போயா நாளில் இந்தப் பூவைத்தான் வைக்கிறார்கள். சிங்களத்தில் 'பிச்ச' என்பார்கள். இதில் நீ வெட்கப்பட என்ன இருக்கிறது?

உனக்குச் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். 1983 ஜூலை 25, திங்கட்கிழமை. இதே வெள்ளவத்தையில், எனக்குப் 19 வயது. தமிழருக்கு எதிரான கலவரத்தின் புகை காலி வீதிப் பக்கம் எழும்பியதும் அம்மா என் பொட்டைச் சேலைத்தலைப்பால் அழுத்தித் துடைத்தாள். கொண்டையிலிருந்த பூச்சரத்தை இழுத்தெடுத்தாள். யன்னலால் எறிந்தால் யாரும் காண்பார்கள் என்று அரிசிப் பேணிக்குள் கைவிட்டுப் புதைத்தாள். பம்பலப்பிட்டி இந்துக் கல்லூரியில் அகதிகளாய்ப் படுத்த முதல் இரவு, என் தலைமயிரில் அந்த வாசம் போகாமல் கிடந்தது. யாரும் மணந்து பிடித்துவிடுவார்களோ என்று பயந்து, குழாயடியில் திரும்பத் திரும்பத் தலையைக் கழுவினேன். அதற்குப் பிறகு பல வருஷம் நான் பூ வைக்கவில்லை.

அதனால்தான் ஒருத்தியின் சிரிப்புக்காக நீ இதைக் கழற்றி வைப்பதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

ஆனால் அளவு தெரிந்து பூசு. ஏசி போட்ட அறைக்கு ஒரு துளி தாராளம். வெளிக்கிட அரை மணித்தியாலத்துக்கு முன்னம் பூசிவிடு. அந்த முதல் முரட்டு மணம் வீட்டோடு தணியட்டும். மணிக்கட்டுகளை ஒன்றோடொன்று தேய்க்காதே. உறைப்புக் கூடட்டும் என்று கறுவாத் தைலம் சேர்க்கப் போவதாகச் சொன்னாயே, அது மட்டும் வேண்டாம். கறுவாப்பட்டைத் தைலம் தோலை எரித்துவிடும்.

போத்தலில் ஒரு விரற்கடை குறைந்திருக்கும், கோவிக்காதே. வெள்ளிக்கிழமை வேலை முடிய இதைப் பூசிக்கொண்டு இங்கே வா. நான் இரண்டு முழம் பூ வாங்கி வைக்கிறேன், உனக்கொன்று, எனக்கொன்று.

அன்புடன்,
குஞ்சியம்மா