ஹார்ட் டிஸ்க்கைக் காணோமா? ஃபார்மட் கொடுக்கும் முன் இதைப் படிங்க!



நாளைக்குக் காலையில் ப்ராஜெக்ட் ரிவ்யூ. ராத்திரி பதினோரு மணிக்கு சிஸ்டத்தை ஆன் பண்றீங்க. விண்டோஸ் வந்துவிட்டது, ஆனால் ப்ராஜெக்ட் வைத்திருந்த இரண்டாவது ஹார்ட் டிஸ்க்கைக் காணோம். கோட், ரிப்போர்ட், பிபிடி எல்லாம் அதில்தான். சிலருக்கு டிரைவ் பெயர் மட்டும் தெரியும். திறந்தால், 'ஃபார்மட் செய்தால்தான் பயன்படுத்த முடியும்' என்று ஒரு பெட்டி வந்து நிற்கும். பதற்றத்தில் அதற்கு 'சரி' கொடுத்துவிட்டுத் தலையில் கை வைத்தவர்கள் எல்லா ஹாஸ்டலிலும் உண்டு.

கொஞ்சம் பொறுங்க. சிஸ்டம் ஒரு டிஸ்க்கை நான்கு படிகளில் அடையாளம் காண்கிறது: முதலில் மின்சாரம், அடுத்து பயாஸ், பிறகு ஆபரேட்டிங் சிஸ்டம், கடைசியில் ஃபைல் சிஸ்டம். எந்தப் படியில் டிஸ்க் தொலைந்தது என்று தெரிந்தாலே பாதி வேலை முடிந்தது. அதுவரை ஒரே விதி: டிஸ்க்கிலிருந்து படிக்கலாம், அதில் எதையும் எழுதக் கூடாது.

படி 1: மின்சாரம் போகிறதா?

சிஸ்டத்தை ஷட்டவுன் செய்து, பவர் கார்டைப் பிடுங்கிவிட்டு, கேபினெட்டைத் திறங்க. உள்ளே கை வைப்பதற்கு முன் கேபினெட்டின் உலோகப் பகுதியைத் தொட்டு, உடலில் உள்ள நிலைமின்சாரத்தை இறக்கிவிடுங்கள். சாட்டா டிஸ்க்கில் இரண்டு கேபிள் இருக்கும். 7 பின் உள்ள சிறியது டேட்டாவுக்கு. 15 பின் உள்ள அகலமானது பவருக்கு. இரண்டையும் கழற்றித் திரும்ப அழுத்தமாக மாட்டுங்க. ரூம் மாறும்போது சிபியூவை பைக்கில் வைத்துக் கொண்டுபோனால் கேபிள் லூசாவது சகஜம்.

இப்போது ஆன் செய்து டிஸ்க்கை லேசாகத் தொட்டுப் பாருங்க. சுழல்கிற அதிர்வு தெரிய வேண்டும். 3.5 இன்ச் டிஸ்க்கில் மோட்டாருக்கு 12 வோல்ட், சர்க்யூட்டுக்கு 5 வோல்ட் தேவை. அதிர்வே இல்லையென்றால் எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து வரும் வேறொரு பவர் கனெக்டரை மாட்டிப் பாருங்க. மாடுலர் எஸ்எம்பிஎஸ் என்றால் வேறு கம்பெனி கேபிளை மாட்டவே மாட்டாதீங்க. எஸ்எம்பிஎஸ் பக்கத்துப் பின் வரிசை மாறியிருக்கலாம், டிஸ்க் எரிந்துவிடும். எஸ்எஸ்டி-யில் சுழலும் பாகமே இல்லை, அதனால் அதில் இந்தச் சோதனை செல்லாது.

'டக்... டக்...' என்று சீராகச் சத்தம் வந்தால் உடனே ஆஃப் செய்யுங்கள். பெரும்பாலும் ஹெட் பழுது. ஓட ஓட பிளாட்டர் கீறிக்கொண்டே போகலாம். மூடியைத் திறக்கவும் கூடாது. ஹெட்டுக்கும் பிளாட்டருக்கும் இடைவெளி நானோமீட்டர் கணக்கில்தான். ஒரு தூசியே அதைவிடப் பெரியது. டேட்டா முக்கியம் என்றால் இங்கிருந்து ரெக்கவரி நிபுணர் வேலை.

படி 2: பயாஸுக்குத் தெரிகிறதா?

ஆன் செய்ததும் டெலீட் அல்லது எஃப்2 கீயைத் தட்டி பயாஸுக்குள் போங்க (போர்டைப் பொறுத்துக் கீ மாறும்). டிஸ்க்கின் மாடல் எண் அங்கே இருக்கிறதா? இல்லையென்றால் முதலில் டேட்டா கேபிளை மாற்றுங்கள். அப்புறம் மதர்போர்டில் போர்ட்டை மாற்றுங்கள். லேபில் நமக்குச் சொல்லித் தந்ததுதான்: ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம். இரண்டையும் சேர்த்து மாற்றினால் எது குற்றவாளி என்று தெரியாது. நண்பரின் நல்ல டிஸ்க் கிடைத்தால் அதே கேபிள், அதே போர்ட்டில் மாட்டிப் பாருங்க. அது தெரிந்தால் சந்தேகம் உங்கள் டிஸ்க் மேல்.

சமீபத்தில் எம்.2 எஸ்எஸ்டி மாட்டினீர்களா? பல போர்டுகளில் எம்.2 ஸ்லாட்டை நிரப்பினால் ஒரு சாட்டா போர்ட் தானாக அணைந்துவிடும். எந்தப் போர்ட் என்று மதர்போர்டு மேனுவலில் இருக்கும்.

படி 3: விண்டோஸுக்குத் தெரிகிறதா?

பயாஸில் இருக்கிறது, ஆனால் ஃபைல் எக்ஸ்ப்ளோரரில் இல்லையா? விண்டோஸ் கீயையும் எக்ஸ் கீயையும் சேர்த்து அழுத்தி, டிஸ்க் மேனேஜ்மென்ட்டைத் திறங்க.

• பார்ட்டிஷன் இருக்கிறது, எழுத்து மட்டும் இல்லை: ரைட் கிளிக் செய்து ஒரு டிரைவ் எழுத்து கொடுத்தால் போதும்.
• 'ஆஃப்லைன்': ரைட் கிளிக் செய்து ஆன்லைன் ஆக்குங்கள்.
• 'நாட் இனிஷியலைஸ்டு': புது டிஸ்க் என்றால் தாராளமாக இனிஷியலைஸ் செய்யலாம். 2 டிபி-க்கு மேல் இருந்தால் ஜிபிடி தேர்ந்தெடுங்கள். எம்பிஆர் அதற்கு மேல் எட்டாது. ஏற்கெனவே டேட்டா இருந்த டிஸ்க் என்றால் இதைத் தொடவே வேண்டாம். புது பார்ட்டிஷன் டேபிளை எழுதிவிடும்.

படி 4: ஃபைல் சிஸ்டம் சரியா?

'ரா' என்று காட்டுகிறது, ஃபார்மட் கேட்கிறது என்றால் டிஸ்க் தெரிகிறது. ஃபைல் சிஸ்டம்தான் படிக்க முடியாமல் போயிருக்கிறது. கேன்சல் கொடுங்க. 'குயிக் ஃபார்மட்தானே' என்றும் நினைக்காதீங்க. எஸ்எஸ்டி-யில் ட்ரிம் வேலை செய்தால் பழைய டேட்டா திரும்பக் கிடைப்பது மிகக் கடினம்.

முதலில் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ மாதிரி ஒரு டூலில் டிஸ்க்கின் ஸ்மார்ட் நிலையைப் பாருங்க. ரீஅலோகேட்டட், பெண்டிங் செக்டார் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனால் டிஸ்க் சாகும் தறுவாயில் இருக்கிறது. அந்த நிலையில் செக்டிஸ்க் ஓட்டாதீங்க. அது டிஸ்க்கில் மாற்றம் எழுதும். உபுண்டு லைவ் யுஎஸ்பி-யில் பூட் செய்து, டிடிரெஸ்க்யூ மூலம் அதே அளவோ பெரியதோ ஆன இன்னொரு டிஸ்க்குக்கு முழு நகல் எடுங்க. அப்புறம் டெஸ்ட்டிஸ்க் போன்ற டூல்களை அந்த நகலில் முயற்சி செய்யுங்க. தப்பு நடந்தாலும் மூலம் அப்படியே இருக்கும்.

நான்கு படியையும் தாண்டி டிஸ்க் திரும்பக் கிடைத்துவிட்டதா? சந்தோஷத்தில் தூங்கப் போகாதீங்க. முதல் வேலை, ப்ராஜெக்ட் ஃபோல்டரை ஒரு பென் டிரைவிலும் ஆன்லைனிலும் காப்பி செய்வது. டிஸ்க் இன்னும் தொலையாதவர்கள் இந்தக் கட்டுரையை மூடியதும் அதை மட்டும் செய்துவிடுங்கள். பத்து நிமிஷம்தான் ஆகும்.