அச்சு மங்கினால் படகும் மங்கும்

குவாலா திரங்கானுவில் உள்ள டுயோங் தீவு மரப்படகுக் கலைக்குப் பெயர்பெற்றது. அங்குள்ள கைவினைஞர்கள் வரைபடம் எதுவுமின்றி, கண்ணளவையும் கை அனுபவத்தையும் நம்பியே பெரிய படகுகளைக் கட்டி வந்தனர். அவ்வாறு கட்டப்படும் ஒவ்வொரு படகும் ஒரு தனிப்படைப்பு. ஒரு படகில் நேர்ந்த குறை அந்தப் படகோடு நின்றுவிடும்.

இன்று மலேசியக் கரையோரங்களில் மரப்படகுகளுக்குப் பக்கத்தில் கண்ணாடி இழைப் படகுகளும் மிதக்கின்றன. இவை உருவாகும் விதமே வேறு. ஒரே அச்சிலிருந்து ஒன்றன்பின் ஒன்றாகப் பல படகுகள் எடுக்கப்படுகின்றன. அச்சில் பள்ளமாக விழுந்த ஒரு கீறல், அதிலிருந்து வெளிவரும் படகுகள் அனைத்திலும் மேடாகப் பதிந்துவிடும். எனவேதான், மங்கிப்போன அச்சை மீண்டும் பளபளக்கச் செய்வது படகுப் பட்டறையில் மிகுந்த கவனம் தேவைப்படும் வேலையாக இருக்கிறது.

வெளிப்புறமே முதலில்

வீடு கட்டுவோர் சுவரை எழுப்பிய பிறகுதான் சாயம் பூசுவர். கண்ணாடி இழைப் படகில் இந்த வரிசை தலைகீழாக நடக்கிறது. அச்சு என்பது படகின் வடிவத்தைத் தன் உட்புறத்தில் கொண்ட ஒரு பெரிய தொட்டியைப் போன்றது. முதலில் அதன் உட்புறத்தில் மெழுகு தேய்க்கப்படும். அதன்மேல் ஜெல்கோட் எனப்படும் வண்ணப் பூச்சு ஏறத்தாழ அரை மில்லிமீட்டர் கனத்தில் பூசப்படும். அது ஓரளவு இறுகியதும் கண்ணாடி இழை விரிப்புகளை அடுக்கி, அவற்றைப் பாலியெஸ்டர் பிசினால் நனைப்பர். பிசின் கெட்டியான பிறகு படகை அச்சிலிருந்து பிரித்தெடுப்பர்.

ஆக, முதலில் பூசிய ஜெல்கோட்தான் படகின் வெளித்தோலாகிறது. அச்சின் முகம் கண்ணாடிபோல் இருந்தால், படகும் கண்ணாடிபோல் வெளிவரும். அச்சின் முகம் மங்கியிருந்தால், ஒவ்வொரு படகையும் தனித்தனியாகத் தேய்த்து மெருகேற்ற வேண்டிய நிலை ஏற்படும்.

அச்சு ஏன் மங்குகிறது?

பிசின் இறுகும்போது வெப்பம் உண்டாகிறது. பிசினில் உள்ள ஸ்டைரீன் என்னும் வேதிப்பொருள் அச்சின் மேற்பரப்பை மெல்ல மெல்லத் தாக்குகிறது. ஒவ்வொரு முறையும் மிஞ்சும் மெழுகும் பிசின் படிவும் சேர்ந்து ஒரு மங்கலான படலமாகின்றன. படகைப் பிரிக்கும்போதும் அச்சைத் துடைக்கும்போதும் சிறு கீறல்கள் விழுகின்றன. அச்சை வெட்டவெளியில் போட்டுவைத்தால், வெயில் பட்டு அதன் முகம் வெளுத்துவிடுகிறது.

கீறல் விழுந்தால் பளபளப்பு ஏன் குறைகிறது? சமமான பரப்பில் படும் ஒளி ஒரே திசையில் பிரதிபலிக்கும். அதனால் அதில் முகம் பார்க்க முடிகிறது. கீறல் நிறைந்த பரப்பில் படும் ஒளியோ பல திசைகளில் சிதறிப்போகும். அந்தச் சிதறலே நம் கண்ணுக்கு மங்கலாகத் தெரிகிறது. ஆகவே, பளபளப்பு என்பது மேலே பூசிச் சேர்க்கும் பொருளன்று. கீறல்களை நீக்கியபின் எஞ்சி நிற்கும் தன்மை.

கழுவுதலும் பழுது பார்த்தலும்

வேலையின் முதற்படி உப்புத்தாளை எடுப்பதன்று, கழுவுவது. சவர்க்கார நீரால் தூசியை அகற்றி, மெழுகைக் கரைக்கும் திரவத்தால் பழைய மெழுகை முழுமையாகத் துடைத்தெடுக்க வேண்டும். மெழுகு எஞ்சியிருந்தால் அது உப்புத்தாளின் துகள்களுக்கிடையே அடைத்துக்கொள்ளும். தாள் தேய்க்காமல் வழுக்கிப்போகும்.

அடுத்து, ஒரு விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்துப் பார்ப்பர். நேர் வெளிச்சத்தில் ஒளிந்துகொள்ளும் பள்ளங்களும் நட்சத்திர வடிவ வெடிப்புகளும் சாய்ந்த வெளிச்சத்தில் நிழலோடு தெரியும். அவற்றைச் சுற்றிக் குறியிட்டு, சுரண்டிச் சுத்தம் செய்து, அச்சுக்கென்றே உள்ள கடினமான ஜெல்கோட்டால் நிரப்புவர். இந்தப் பூச்சை இறுகச் செய்ய ஒரு பெராக்சைடு திரவம் கலக்கப்படும். அது கண்ணில் பட்டால் பார்வையே பறிபோகக்கூடும். எனவே கண்ணாடி, கையுறை, முகக்கவசம் மூன்றையும் அணியாமல் இந்த வேலையைத் தொடங்கக்கூடாது.

ஒவ்வொரு தாளுக்கும் ஒரு கடமை

நிரப்பிய இடங்கள் நன்கு இறுகியதும் தேய்க்கும் வேலை தொடங்குகிறது. உப்புத்தாளின் பின்புறத்தில் ஓர் எண் இருக்கும். எண் கூடக்கூடத் துகள் சிறியதாகும். ஐரோப்பிய அளவுமுறைப்படி, 400 எண் தாளின் துகள் சுமார் 35 மைக்ரோமீட்டர் அளவுடையது. அதாவது தலைமுடியின் தடிமனில் ஏறத்தாழ பாதி. 1000 எண் தாளின் துகள் சுமார் 18 மைக்ரோமீட்டர். 2000 எண் தாளின் துகள் சுமார் 10 மைக்ரோமீட்டர்.

அச்சின் பழுதைப் பொறுத்து 400 அல்லது 600 எண் தாளில் தொடங்கி, 800, 1000, 1500 எனப் படிப்படியாக முன்னேற வேண்டும். தாளை விரலால் அழுத்தாமல் ஒரு கட்டையில் சுற்றித் தேய்க்க வேண்டும். விரலால் அழுத்தினால் விரல் பட்ட இடம் மட்டும் பள்ளமாகும். நீர் ஊற்றித் தேய்ப்பதால் தூசி பறப்பதில்லை, சூடும் குறைகிறது. தாளை மாற்றும் ஒவ்வொரு முறையும் அச்சை நன்கு கழுவி, தேய்க்கும் திசையையும் மாற்ற வேண்டும். முந்தைய தாள் குறுக்காகப் போட்ட கோடுகள் அப்போதுதான் தனியாகத் தெரியும். அவை முழுமையாக மறைந்த பிறகே அடுத்த தாளுக்குச் செல்லலாம். ஒவ்வொரு தாளுக்கும் ஒரே கடமைதான்: தனக்கு முந்தைய தாள் போட்ட கீறலை அழிப்பது.

இந்தக் கடமையைத் தவறவிட்டால் என்ன ஆகும்? ஒரு பட்டறையில் இப்படி நடப்பதாக எண்ணிப் பாருங்கள். வேலை கற்கும் இளைஞன் ஒருவன் 400 எண் தாளால் தேய்த்து முடித்தான். தோள் வலித்தது, மாலையும் ஆகிவிட்டது. இடையிலுள்ள தாள்களை விட்டுவிட்டு நேராக 1000 எண் தாளை எடுத்தான். மறுநாள் காலையில் மெருகுப் பசையும் தேய்த்து முடித்தான். பட்டறையின் விளக்கொளியில் அச்சு பளபளத்தது. அவனுக்குப் பெருமையாக இருந்தது.

“தம்பி, இதை வெயிலுக்குத் தள்ளிக்கொண்டு வா” என்றார் மூத்த தொழிலாளர்.

சக்கரம் பூட்டிய சட்டத்தில் இருந்த அச்சு வெளியே வந்தது. வெயில் பட்டதும், வளைவு முழுவதும் நேர்கோடுகள் தெரிந்தன.

“இன்னும் கொஞ்ச நேரம் பசையைத் தேய்த்தால் போய்விடாதா, அண்ணே?”

“பசையால் மெல்லிய கீறலைத்தான் எடுக்க முடியும். இது 400 போட்ட கீறல். இதன்மேல் மெழுகு தேய்த்தால் மறைந்ததுபோலத் தெரியும். முதல் படகு வெளியே வந்ததும் மறுபடியும் தெரியும். அப்போது உன் கீறல் படகிலும் இருக்கும்.”

இளைஞன் ஒன்றும் பேசாமல் வாளியில் நீரை நிரப்பிக்கொண்டு 600 எண் தாளை எடுத்தான். மிச்சப்படுத்திய ஒரு மாலைப்பொழுதுக்காக அவன் இரண்டு நாள் செலவிட வேண்டியதாயிற்று.

மெருகும் மெழுகும்

தாள்களின் வேலை முடிந்ததும் மெருகேற்றும் இயந்திரம் வருகிறது. கம்பளி வட்டில் மெருகுப் பசையைத் தடவிக் குறைந்த வேகத்தில் சுழலவிடுவர். இயந்திரத்தை ஓரிடத்தில் நிறுத்திவைத்தால் சூடேறிப் பரப்பு கருகிவிடும். ஆகவே அதை இடைவிடாமல் நகர்த்திக்கொண்டே இருக்க வேண்டும். பின்னர், மென்மையான வட்டில் இன்னும் நுண்ணிய பசையைக் கொண்டு இறுதி மெருகு ஏற்றப்படும். சிலிக்கோன் கலந்த பசைகளைப் பட்டறைகள் தவிர்க்கின்றன. அச்சில் சிறிதளவு சிலிக்கோன் எஞ்சினாலும், அடுத்துப் பூசும் ஜெல்கோட் அந்த இடத்தில் ஒட்டாமல் விலகிச் சிறு குழிகளை உண்டாக்கும்.

இறுதியாக மெழுகு. இதன் வேலை பளபளப்பைக் கொடுப்பதன்று. படகு அச்சோடு ஒட்டிக்கொள்ளாமல் காப்பது. புதிதாக மெருகேற்றிய அச்சில் பழைய மெழுகு துளியும் இல்லை. எனவே பல முறை மெழுகு தேய்த்து, ஒவ்வொரு முறையும் காயவிட்டு, துணியால் துடைத்தெடுக்க வேண்டும். இதில் அவசரப்பட்டால் முதல் படகே அச்சில் ஒட்டிக்கொள்ளும். அதைப் பெயர்த்தெடுக்கும்போது படகும் உடையலாம். பல நாள் பாடுபட்டுப் புதுப்பித்த அச்சும் உடையலாம்.

எல்லை உண்டு

அச்சின் மேலுள்ள ஜெல்கோட் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் கனம்தான் இருக்கும். ஒவ்வொரு புதுப்பித்தலும் அதில் சிறிதளவைத் தேய்த்துக் கரைக்கிறது. மூலைகளிலும் விளிம்புகளிலும் அது விரைவில் மெலிந்துபோகும். ஆகவே, எத்தனை முறை வேண்டுமானாலும் தேய்த்துக்கொள்ளலாம் என்று இருக்க முடியாது. அனுபவமுள்ள தொழிலாளர்கள் தேவைக்கு மேல் கரடுமுரடான தாளைத் தொடுவதில்லை. வேலை முடிந்ததும் அச்சைத் துடைத்து, மெழுகிட்டு, நிழலில் மூடிவைக்கின்றனர். அன்றாடப் பராமரிப்பு அச்சின் ஆயுளை நீட்டிக்கிறது.

படகை வாங்குபவர் அதன் பளபளப்பைத் தடவிப் பார்த்து மகிழ்வார். அது எந்த அச்சிலிருந்து வந்தது என்று அவர் கேட்பதில்லை. அந்த அச்சின் முன் மண்டியிட்டு, ஒவ்வொரு தாளாக மாற்றித் தேய்த்த கைகளையும் அவர் பார்த்திருக்கமாட்டார். ஆயினும், அந்தக் கைகள் காட்டிய பொறுமை கடலில் மிதக்கும் ஒவ்வொரு படகிலும் பதிந்திருக்கிறது.