பிள்ளையைப் பள்ளி மாற்றலாமா?



ஏப்ரல் மாதம் வந்துவிட்டால், ஞாயிறு பூசை முடிந்து கோவில் முற்றத்தில் நிற்கையில் தவறாமல் ஒரு கேள்வி வரும்: "சாமி, பிள்ளையை வேறு பள்ளியில் போடலாமென்று நினைக்கிறோம். உங்கள் அபிப்பிராயம் என்ன?" இக்கேள்விக்கு முன்பொரு முறை நான் தவறான பதில் சொன்னவன். அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

அப்போது வேறொரு பங்கில் இருந்தேன். அங்கிருந்த ஆரம்பப் பள்ளிக்கு நானே தாளாளர். 3-ம் வகுப்புச் சிறுவன் ஒருவனுக்குக் காலைதோறும் வயிற்றுவலி. விடுமுறை நாளில் வலி கிடையாது. தகப்பனார் வந்து யோசனை கேட்டார். "இன்னும் ஓர் ஆண்டு பொறுங்கள்" என்றேன். உண்மையில் என் மனதில் நின்றது பையன் அல்ல, பள்ளியின் எண்ணிக்கை. 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர், 61 ஆனால்தான் மூன்றாமவர் என்பது 2009-ம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் கணக்கு. எங்களிடம் இருந்தவர்கள் சரியாக 61 பேர். பெரிய பையன்கள் இருவர் தினந்தோறும் அவனைக் கழிப்பறைப் பக்கம் மடக்கி அடித்துவந்தது பல மாதங்களுக்குப் பின்பே வெளிவந்தது. அதுவரை அவனைத் தனியே அழைத்து ஒரு வார்த்தை கேட்டவர் எவருமில்லை, நானும் கேட்கவில்லை.

ஆகவே முதலில் பிள்ளையைக் கேளுங்கள். "பள்ளி பிடிக்கிறதா?" என்று கேட்டால் தலையை ஆட்டிவிட்டு ஓடிவிடும். சாப்பாட்டு நேரத்தில் யாரோடு உட்காருகிறாய், தெரியாததைக் கேட்டால் டீச்சர் என்ன சொல்வார் என்று கேளுங்கள். பிறகு ஆசிரியரைப் போய்ப் பாருங்கள். 2022 முதல் வந்த 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளைகளின் நிலையைப் பிரித்தார்கள் அல்லவா? உங்கள் பிள்ளை எந்த நிலையில் நிற்கிறது, எந்த எழுத்தில், எந்தக் கணக்கில் தடுமாறுகிறது என்று கேளுங்கள். விவரமாகப் பதில் சொல்லும் ஆசிரியரை விட்டுப் போகுமுன் இரண்டு முறை யோசிக்க வேண்டும். ஒரே ஆசிரியர் இரண்டு மூன்று வகுப்புகளைச் சேர்த்து நடத்துகிறார் என்பது மட்டும் போதிய காரணமாகாது; சிறிய பள்ளிகளில் மேற்சொன்ன கணக்கின்படி அப்படித்தான் அமையும்.

பக்கத்து வீட்டுப் பிள்ளை டை கட்டிக்கொண்டு வேனில் ஏறுகிறது என்பதைப் பற்றி நான் அதிகம் சொல்லத் தேவையில்லை. ஆனால் 8 வயதுக் குழந்தை காலை ஆறே முக்காலுக்கு வேன் ஏறினால் எத்தனை மணிக்கு எழ வேண்டும், எதைச் சாப்பிடும் என்பதைத் தாய்மார்களே கணக்குப் பார்க்கட்டும்.

ஆங்கில வழிக்கு மாற்றுவோர் ஒன்றைத் தெரிந்துகொள்ளவேண்டும். தமிழ் வழியில் பயின்றோருக்குத் தமிழக அரசுப் பணிகளில் 20 சதவீத முன்னுரிமை உண்டு. 2020-ல் வந்த திருத்தத்தின்படி பள்ளிப் படிப்பும் தமிழ் வழியில் இருக்கவேண்டும். கல்லூரியில் மட்டும் தமிழில் படித்தால் போதாது. இதற்காக மாற்றாதீர்கள் என்று சொல்லவில்லை. தெரியாமல் இழக்கவேண்டாம் என்கிறேன். மருத்துவப் படிப்புக்கான 7.5 சதவீத ஒதுக்கீடு வேறு விஷயம். அதற்கு 6-ம் வகுப்பு முதல் அரசுப் பள்ளிப் படிப்பையே பார்க்கிறார்கள். ஆரம்பப் பள்ளி மாற்றம் அதைப் பாதிக்காது.

மாற்றுவதென்று தீர்மானித்தபின் பயப்படாதீர்கள். ஒரு பள்ளியிலிருந்து அரசுப் பள்ளிக்கு மாறும்போது, மாற்றுச் சான்றிதழ் வரத் தாமதம் என்று சொல்லிச் சேர்க்கையை மறுக்கச் சட்டம் இடந்தரவில்லை. பழைய பள்ளியில் பிள்ளையின் எமிஸ் எண்ணை விடுவிக்கச் சொல்லிக் கேட்டு வாங்குங்கள். பலருக்கு அங்கேதான் வேலை நின்றுபோகிறது.

பெற்றோரே பிள்ளைகளின் முதல் ஆசிரியர், பள்ளியைத் தெரிந்துகொள்ளும் சுதந்தரம் அவர்களுடையது என்று 2-ம் வத்திக்கான் சங்கம் 1965-லேயே எழுதிவைத்தது. எனவே நம் பங்குப் பள்ளியை விட்டுப் போகிறவர்கள் என்னைக் கண்டு சந்துக்குள் ஒதுங்க வேண்டாம்.

அந்தச் சிறுவனைத் தகப்பனார் அடுத்த ஊர் அரசுப் பள்ளியில் சேர்த்தார். கணக்கில் அவன் பழையபடியேதான் இருந்தான். வயிற்றுவலி மட்டும் இரண்டாம் வாரமே நின்றுவிட்டது.