மூலிகைக்குள் இருக்கும் மருந்து: நம் குடும்பங்கள் அறிய வேண்டியவை

ஒரு மலைக்கே மருந்துவாழ் மலை என்று பெயர் வைத்த மாவட்டம் நம்முடையது. பொற்றையடிப் பக்கம் நிற்கும் அந்த மலை முதல் மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகள் வரை இங்கே மூலிகைக்குப் பஞ்சமில்லை. சளிக்குத் தூதுவளை, பல்வலிக்குக் கிராம்பு, மஞ்சள் காமாலைக்குக் கீழாநெல்லி என்று நம் உம்மாமார் சொல்லித் தந்த கைமருந்துகள் இன்றும் வழக்கில் இருக்கின்றன. அவை எதனால் வேலை செய்கின்றன, எந்த இடத்தில் கைமருந்தை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் போக வேண்டும் என்பதைத் தெரிந்துகொள்வதே இந்தப் பாடத்தின் நோக்கம்.

செடிக்குள் மருந்து எப்படி வந்தது?

செடியால் ஓடி ஒளிய முடியாது. பூச்சியும் பூஞ்சையும் ஆடும் மாடும் தேடி வரும்போது, தன்னைக் காத்துக்கொள்ள அது கசப்பையும் காரத்தையும் மணத்தையும் நஞ்சையும் தனக்குள் உண்டாக்கிக்கொள்கிறது. இறைவன் அதற்குத் தந்த பாதுகாப்பு அது. ஆல்கலாய்டு, டெர்பீன், ஃபீனால் என்று இந்த வேதிப்பொருள்களை வகை பிரிக்கிறார்கள். இவையே நம் உடலுக்குள் போகும்போது சில அளவில் மருந்தாகின்றன, சில அளவில் கேடு செய்கின்றன. வேப்பிலையின் கசப்பும் நல்லமிளகின் காரமும் நாக்கில் தெரியும் வேதிப்பொருள்கள்தாம்.

கிராம்பு

மாறாமலை போன்ற நம் மலைத்தோட்டங்களில் விளையும் கிராம்புக்கு, ‘கன்னியாகுமரி கிராம்பு’ என்ற பெயரில் 2021-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. கிராம்பு எண்ணெயில் பெரும்பகுதி யூஜெனால். அது நரம்பை மரக்கச் செய்து வலியைக் குறைக்கிறது; கிருமிகளையும் தடுக்கிறது. பல் மருத்துவர்கள் துத்தநாக ஆக்சைடுடன் யூஜெனாலைக் கலந்து தற்காலிகமாகப் பல்லை அடைக்கிறார்கள். ஆனால் வலி போனாலும் சொத்தை அங்கேயேதான் இருக்கும். எண்ணெயை அப்படியே வைத்தால் ஈறு வெந்துவிடும். குழந்தை கொஞ்சம் குடித்துவிட்டாலும் கல்லீரல் கெடலாம். குப்பியைக் கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள்.

மஞ்சளும் நல்லமிளகும்

மஞ்சளின் நிறம் குர்குமினால் வருவது. வீக்கத்தைத் தணிக்கும் தன்மை அதற்கு உண்டு. ஆனால் குடல் அதை எளிதில் உறிஞ்சுவதில்லை; உறிஞ்சியதையும் கல்லீரல் சீக்கிரம் வெளியேற்றிவிடும். பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள் 1998-இல் வெளியிட்ட ஆய்வில், 2 கிராம் குர்குமினுடன் நல்லமிளகின் பைப்பரின் 20 மில்லிகிராம் சேர்த்துக் கொடுத்தபோது, உடலில் சேர்ந்த குர்குமின் சுமார் 20 மடங்கு கூடியது. மஞ்சளையும் மிளகையும் சேர்த்து அரைக்கும் நம் கறிமசாலாவின் அருமை இதில் தெரிகிறது.

இதற்கு மறுபக்கமும் உண்டு. பைப்பரின் குர்குமினை மட்டும் தங்க வைப்பதில்லை. வலிப்புக்கான ஃபெனிட்டாயின் போன்ற மாத்திரைகளின் அளவையும் இரத்தத்தில் கூட்டுகிறது. சமையல் அளவில் கவலை வேண்டாம். குர்குமினையும் பைப்பரினையும் செறிவாக அடைத்து விற்கும் மாத்திரைகளை மருத்துவரைக் கேட்காமல் வாங்க வேண்டாம். அவற்றால் கல்லீரல் பாதிக்கப்பட்டவர்களைப் பற்றி மருத்துவ இதழ்கள் எழுதியிருக்கின்றன.

கீழாநெல்லியும் மஞ்சள் காமாலையும்

நாம் மிகக் கவனமாகப் படிக்க வேண்டிய பகுதி இது. கீழாநெல்லியில் ஃபில்லாந்தின் முதலிய பொருள்கள் உள்ளன. ஹெபடைட்டிஸ் பி கிருமியைக் கண்டுபிடித்து 1976-இல் நோபல் பரிசு பெற்ற புளும்பெர்க்கும், சென்னை ஆய்வாளர் தியாகராஜன் குழுவினரும் சேர்ந்து 1988-இல் லான்செட் இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். அந்தக் கிருமியைச் சுமந்திருந்தவர்களுக்கு 30 நாள் கீழாநெல்லி கொடுத்ததில், 37 பேரில் 22 பேரின் இரத்தத்தில் கிருமியின் அடையாளம் மறைந்தது. வெற்று மாத்திரை பெற்ற 23 பேரில் ஒருவருக்கே அப்படி ஆனது. உலகமே நம் செடியைத் திரும்பிப் பார்த்தது.

ஆனால் பிற நாடுகளில் திரும்பச் செய்த சோதனைகள் பலவற்றில் அந்தப் பலன் கிடைக்கவில்லை. எல்லா ஆய்வுகளையும் சேர்த்து எடைபோட்ட 2011-ஆம் ஆண்டு காக்ரேன் மதிப்பீடு, வெற்று மருந்தைவிட இது மேலானது என்று நம்பத்தக்க சான்று இல்லை என்றது.

அப்படியானால் கீழாநெல்லி குடித்துப் பலர் குணமானது எப்படி? மஞ்சள் காமாலை என்பது தனி நோயன்று, ஓர் அறிகுறி. கெட்ட தண்ணீரால் வரும் ஹெபடைட்டிஸ் ஏ பெரும்பாலும் சில வாரங்களில் தானே சரியாகிவிடும். பேர் கீழாநெல்லிக்குப் போகும். பித்தக்குழாயை அடைத்த கல், எலிக்காய்ச்சல், ஹெபடைட்டிஸ் பி இவற்றாலும் கண் மஞ்சளாகும். இவை காத்திருக்கும் நோய்கள் அல்ல. எலிக்காய்ச்சலில் சில நாள் தாமதமே சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும். ஆகவே கண் மஞ்சளானால் முதல் வேலை இரத்தப் பரிசோதனை. குழந்தை பிறந்த 24 மணி நேரத்துக்குள் ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி அரசு மருத்துவமனைகளில் இலவசமாகப் போடப்படுகிறது; அதைத் தவறவிடாதீர்கள்.

கருஞ்சீரகம்

நபி (ஸல்) அவர்கள் சிறப்பித்துச் சொன்னது என்பதால் நம் வீடுகளில் இதற்குத் தனி மதிப்பு உண்டு. இதிலுள்ள தைமோகுயினோன் பற்றி ஆய்வுகள் நடக்கின்றன. சர்க்கரை ஓரளவு குறைவதாகச் சிறு ஆய்வுகள் காட்டுகின்றன. சர்க்கரை மாத்திரையோடு இதையும் நிறையச் சாப்பிட்டால் சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கிவிடக்கூடும். இதை நம்பி மாத்திரையை நிறுத்துவது அதைவிட ஆபத்து. மருத்துவம் செய்துகொள்ளுங்கள் என்று சொன்னவர்களும் அதே நபி (ஸல்) அவர்கள்தாம்.

நித்தியகல்யாணியும் செங்காந்தளும்

கடற்கரை மணலில் தானாக வளரும் நித்தியகல்யாணியில் சர்க்கரை நோய்க்கு மருந்து தேடினார்கள் 1950-களில் கனடா ஆய்வாளர்கள். கிடைத்ததோ புற்றுநோய் மருந்து. அதன் வின்கிரிஸ்டின் இன்று குழந்தைகளின் இரத்தப் புற்றுநோய்க்கு முக்கிய மருந்து. இலையில் அது மிகமிகக் குறைவு. பிரித்தெடுத்து, அளந்து, இரத்தக்குழாயில் ஏற்றுகிறார்கள். இலையை அரைத்துக் குடிப்பது அந்தச் சிகிச்சை ஆகாது.

நம் மாநில மலரான செங்காந்தளின் கோல்சிசின் கீல்வாத வகை ஒன்றுக்கு மாத்திரையாகிறது. ஒரு மாத்திரையில் இருப்பது அரை மில்லிகிராம் அளவுதான். அதன் கிழங்கையோ விதையையோ தின்றால் சில மணி நேரத்தில் வாந்தியும் பேதியும் தொடங்கி உயிரையே எடுத்துவிடும். ‘இயற்கைதானே, என்ன செய்துவிடும்’ என்ற பேச்சுக்கு இந்தக் கிழங்கே பதில்.

நாம் கடைப்பிடிக்க வேண்டியவை

1. அடையாளம் உறுதியாகத் தெரியாத செடியை மருந்தாக எடுக்க வேண்டாம்.
2. மருத்துவரிடம் போகும்போது வீட்டில் குடிக்கும் கஷாயத்தையும் சொல்லுங்கள். அவர் கோபப்படுவாரோ என்று மறைக்க வேண்டாம்.
3. கர்ப்பிணிகளுக்கும் கைக்குழந்தைகளுக்கும் கேட்காமல் எதையும் கொடுக்காதீர்கள்.
4. சர்க்கரை, இரத்த அழுத்தம், வலிப்பு மாத்திரைகளை மூலிகைக்காக நிறுத்தாதீர்கள்.
5. மூலிகை வைத்தியமே வேண்டுமென்றால் கோட்டாறு அரசு ஆயுர்வேத மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் படித்த மருத்துவர்கள் இருக்கிறார்கள்.
6. தவறாக எதையாவது தின்றுவிட்டால் வாந்தி எடுக்க வைக்க முயல வேண்டாம். 108-ஐ அழைத்து, தின்ற செடியின் ஒரு துண்டையும் எடுத்துக்கொண்டு ஆசாரிபள்ளம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ அருகிலுள்ள அரசு மருத்துவமனைக்கோ செல்லுங்கள்.

இந்தப் பக்கத்தை வீட்டுப் பெரியவர்களுக்கு வாசித்துக் காட்டுங்கள். அவர்களுக்குத் தெரிந்த கைமருந்துகளையும் கேட்டு எழுதி வையுங்கள். இரண்டும் சேர்ந்தால் நம் பிள்ளைகளுக்கு நல்லது, இன்ஷா அல்லாஹ்.