தண்ணீருக்குள் சார்ஜ்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

சேத்தியாத்தோப்பு அணைக்கட்டில் வெள்ளாறு நல்ல தண்ணீர். அதே ஆறு பரங்கிப்பேட்டை முகத்துவாரத்தில் உப்பு. நீருக்கடியில் கம்பியில்லாமல் மின்சாரம் அனுப்புவதைப் பற்றிப் பேசும்போது இந்த வேறுபாட்டை மறந்துவிடுகிறோம்.

நம்பிக்கை: தண்ணீருக்குள் சார்ஜ் ஏற்றினால் ஷாக் அடிக்கும்.

உண்மை: மின்சாரம் ஓடும் உலோக முனை ஈரத்தில் படும்போதுதான் ஆபத்து. கம்பியில்லா சார்ஜில் அப்படித் திறந்த முனையே கிடையாது. ஒரு செம்புக்கம்பிச் சுருளில் மாறுமின்னோட்டம் பாய்ந்தால், எதிரில் உள்ள சுருளில் மின்சாரம் பிறக்கும். ஃபாரடே 1831-இல் கண்டறிந்த விதி இது. இரண்டு சுருள்களையும் பிசின் ஊற்றி நீர் புகாமல் மூடிவிடுகிறார்கள். காந்தப்புலம் காற்றைப் போலவே நல்ல தண்ணீரையும் கடந்து போகும்.

நம்பிக்கை: ஆற்றில் வேலை செய்தால் கடலிலும் அப்படியே வேலை செய்யும்.

உண்மை: கடல்நீர் ஆற்றுநீரைவிட ஏறத்தாழ நூறு மடங்கு மின்சாரத்தைக் கடத்தும். மாறும் காந்தப்புலம் அந்த உப்புநீரிலேயே சுழல் மின்னோட்டங்களை உண்டாக்கி, ஆற்றலை வெப்பமாக வீணாக்குகிறது. அதிர்வெண் கூடினால் இழப்பும் கூடும். 100 கிலோஹெர்ட்ஸ் மின்காந்த அலை கடலில் 80 சென்டிமீட்டர் போவதற்குள் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேலான அளவுக்குச் சுருங்கிவிடும். 1 மெகாஹெர்ட்ஸ் அலைக்கு 25 சென்டிமீட்டரே போதும். அதனால்தான் சுருள்களைச் சில சென்டிமீட்டர் இடைவெளிக்குள் நெருக்கி வைக்கிறார்கள்.

நம்பிக்கை: வைஃபை போலக் கரையிலிருந்தே கடலடிக்கு மின்சாரம் அனுப்பலாம்.

உண்மை: வைஃபை அலை கடல்நீரில் ஓரிரு சென்டிமீட்டரில் அடங்கிவிடும். திருநெல்வேலி மாவட்டம் விஜயநாராயணத்தில் 1990 முதல் இயங்கும் ஐ.என்.எஸ். கட்டபொம்மன் நிலையம், நீர்மூழ்கிகளுக்குச் செய்தி அனுப்ப மிகத் தாழ்ந்த அதிர்வெண்ணையே நம்பியிருக்கிறது. அதுவும் நீரின் மேலடுக்கைத்தான் எட்டும். செய்திக்கே இந்த எல்லை என்றால், மின்சாரத்தைத் தொலைவிலிருந்து அனுப்புவது எங்கே?

நம்பிக்கை: ஐ.பி.68 போனைத் தண்ணீருக்குள் வைத்தே சார்ஜ் போடலாம்.

உண்மை: நீர் புகாமைக்கான அந்த ஐ.பி.68 தரச்சான்று நல்ல தண்ணீரில் மூழ்குவதற்கு மட்டும்தான். நனைந்த போனை நன்றாக உலர்த்திய பிறகே சார்ஜில் போட வேண்டும்.

நம்பிக்கை: இதெல்லாம் வெறும் ஆடம்பரம்.

உண்மை: சென்னைப் பள்ளிக்கரணையில் உள்ள தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனத்தின் ஓ.எம்.இ. 6000 என்ற தானியங்கிக் கலம் 6,000 மீட்டர் ஆழம்வரை செல்லும். பேட்டரி தீர்ந்தால் அதை மேலே எடுக்கக் கப்பல் காத்திருக்க வேண்டும். சுனாமியை அறிய ஆழ்கடலில் வைத்திருக்கும் அழுத்தமானிகளும் பேட்டரியில்தான் ஓடுகின்றன. அவற்றைப் பராமரிக்கவும் கப்பல் போக வேண்டும். நார்வேயின் ஈக்வினார் நிறுவனம், ரோபோக்கள் கடலடியிலேயே தங்கிச் சார்ஜ் ஏற்றிக்கொள்ளும் மேடைகளைச் சோதித்திருக்கிறது. 2004 டிசம்பர் 26 சுனாமியில் பல உயிர்களைப் பறிகொடுத்த கடலூர் மாவட்டத்துக்கு, பேட்டரி தீராமல் விழித்திருக்கும் கருவி ஆடம்பரமல்ல, அவசியம். நம் கல்லூரி ஆய்வகங்கள் உப்புநீரில் இந்தச் சோதனையை இன்றே தொடங்கலாம்.