மனநோய் மருந்தும் உடல் எடையும்: ஜீன்கள் கூறும் செய்தி

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி. விலங்கியல் மாணவன்)

உடலுக்கும் உணவுக்கும் உள்ள தொடர்பை நம் முன்னோர் நன்கறிந்திருந்தனர். வள்ளுவப் பெருந்தகை 'மருந்து' என்னும் அதிகாரத்தில் மருந்தைவிட உணவைப் பற்றியே மிகுதியாகப் பேசுகிறார். முன் உண்டது செரித்ததை அறிந்து அளவோடு உண்பது அவர் காட்டும் வழி. ஆனால் பசியின் அளவையே மாற்றிவிடும் மருந்தை உண்ண நேர்ந்தவர் என் செய்வார்? மனநோய்க்கு மருந்து உண்போர் பலருடைய நிலை இதுவே. அவர்களுடைய எடை ஏன் கூடுகிறது, எல்லோருக்கும் ஒரே அளவில் ஏன் கூடுவதில்லை என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

மருந்து வந்த வரலாறு

1952ஆம் ஆண்டில் பாரிஸ் நகரின் செயின்ட் ஆன் மருத்துவமனையில் ழான் டிலே, பியர் டெனிக்கர் என்னும் மருத்துவர்கள் குளோர்புரோமசின் என்ற மருந்தை மனநோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தனர். இல்லாத குரல்கள் காதில் கேட்பதும், பிறர் தமக்குத் தீங்கு சூழ்கிறார்கள் என்ற வீண் ஐயமும் தணிந்தன. ஆண்டுக்கணக்கில் அடைபட்டுக் கிடந்தோர் பலர் வீடு திரும்ப இம்மருந்து துணை செய்தது. பின்னர் குளோசபின், ரிஸ்பெரிடோன், ஒலான்சபின் முதலிய மருந்துகள் வந்தன.

நோய் தணிந்தது, எடை கூடியது. 1999இல் ஆலிசன் என்பாரும் அவர் குழுவினரும் பல ஆய்வுகளைத் தொகுத்துக் கணக்கிட்டனர். 10 வாரச் சிகிச்சையில் சராசரியாகக் குளோசபின் 4.45 கிலோவும், ஒலான்சபின் 4.15 கிலோவும், ரிஸ்பெரிடோன் 2.10 கிலோவும் எடையைக் கூட்டின. சிப்ராசிடோன் என்னும் மருந்தாலோ 0.04 கிலோதான் கூடிற்று. ஆக, மருந்துக்கு மருந்து வேறுபாடு உண்டு என்பது தெளிவு.

ஓர் அண்ணனின் கேள்வி

எங்கள் தெருவில் தறி நெய்யும் அண்ணன் ஒருவர் இருக்கிறார். மாத்திரை அட்டையில் உள்ள ஆங்கிலப் பெயரைப் படித்துச் சொல்லும்படி என்னிடம் வருவார். அத்தெருவிலிருந்து கல்லூரிக்கு வந்தவன் நான் ஒருவன்தான். மருந்து உண்ட பின் அவருக்குக் குரல்கள் நின்றன; தறிக்குத் திரும்பினார். ஓராண்டில் உடல் பருத்தது. "உட்கார்ந்து தின்று கொழுத்துவிட்டான்" என்று ஊர் பேசிற்று. மனம் நொந்து மாத்திரையை நிறுத்தினார். சில மாதங்களில் நோய் திரும்பியது. மீண்டும் தேறி வந்தபின் என்னிடம் கேட்டார்: "தம்பி, நீ படிக்கிற பிள்ளை. இந்த உடம்பு என் வாயால வந்ததா, மாத்திரையால வந்ததா?"

அவர் கேட்டது நல்ல அறிவியல் கேள்வி. அதற்கு விடை காண மூளைக்குள் செல்லவேண்டும்.

பூட்டும் சாவியும்

நரம்பு செல்களின் மேற்பரப்பில் 'ஏற்பிகள்' உள்ளன. இவை பூட்டுகள் என்றால், மூளையில் சுரக்கும் டோபமின், செரடோனின், ஹிஸ்டமின் ஆகியவை சாவிகள். மனநோய் மருந்து முதன்மையாக டோபமின் பூட்டை அடைத்து நோயைத் தணிக்கிறது. ஆனால் குளோசபின், ஒலான்சபின் போன்றவை ஹிஸ்டமின், செரடோனின் பூட்டுகள் சிலவற்றையும் சேர்த்து அடைத்துவிடுகின்றன. இவற்றுள் சில, ஹைபோதலாமஸ் என்னும் பகுதியில் "போதும்" என்ற உணர்வைத் தருவன.

1995இல் '5எச்டி2சி' என்னும் செரடோனின் ஏற்பி இல்லாத சுண்டெலிகளை ஆய்வாளர்கள் உருவாக்கினர். அவை மிகுதியாக உண்டு பருத்தன. 2007இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தார், குளோசபின் சுண்டெலியின் ஹைபோதலாமஸில் பசியைத் தூண்டும் நொதி ஒன்றை முடுக்கிவிடுவதைக் கண்டனர். 'எச்1' என்னும் ஹிஸ்டமின் ஏற்பி இல்லாத எலிகளில் அது நிகழவில்லை. சுண்டெலிக்குப் பேராசை என்று யாரும் பழி கூறமாட்டார்கள் அன்றோ?

ஜீன்களின் பங்கு

அப்படியாயின் ஒரே மாத்திரையை உண்ணும் இருவரில் ஒருவர் பருக்க, மற்றவர் அப்படியே இருப்பது ஏன்? ஏற்பிகளை உருவாக்கும் கட்டளை ஜீன்களில் உள்ளது. ஆளுக்கு ஆள் அக்கட்டளையில் ஓரிரு எழுத்துகள் வேறுபடும்.

2002இல் ரெனால்ட்ஸ் என்பாரும் சீன ஆய்வாளர்களும் முதன்முறை நோயுற்ற 123 சீன நோயாளிகளை ஆராய்ந்தனர். மேற்கூறிய 5எச்டி2சி ஏற்பியின் ஜீனைக் கட்டுப்படுத்தும் பகுதியில், ஓரிடத்தில் 'சி' என்னும் எழுத்துக்குப் பதில் 'டி' இருந்தவர்களுக்கு எடை குறைவாகவே கூடியது. இந்த ஜீன் எக்ஸ் குரோமோசோமில் உள்ளது. ஆதலால் ஆணுக்கு ஒரு பிரதி, பெண்ணுக்கு இரண்டு. 2012இல் வெளியான வேறோர் ஆய்வில், 'எம்சி4ஆர்' என்னும் ஜீனுக்கு அருகே குறிப்பிட்ட எழுத்தைத் தாய் தந்தை இருவரிடமிருந்தும் பெற்றவர்களுக்கு, 12 வாரத்தில் மற்றவரைவிட ஏறத்தாழ 3 கிலோ மிகுதியாகக் கூடியது தெரிந்தது. அந்த ஜீனும் பசியை அடக்கும் வேலையைச் செய்வதே.

எனினும் ஒரு ஜீனே எல்லாவற்றையும் முடிவு செய்வதில்லை. 2002ஆம் ஆண்டு முடிவைப் பின்வந்த ஆய்வுகள் அனைத்தும் ஒரேபோல் உறுதிசெய்யவில்லை. பல ஜீன்கள் சிறிது சிறிதாகச் சேர்கின்றன. உணவு, உழைப்பு, வயது ஆகியவையும் உடன் நிற்கின்றன. ஆகவே இரத்தத்தைச் சோதித்து, "உனக்கு எடை கூடும்" என்று உறுதியாகச் சொல்லும் நிலை இன்னும் வரவில்லை.

செய்யத்தக்கவை

அண்ணனுக்கு நான் கூறும் விடை இது: உண்டது வாய்தான், ஆனால் அந்தப் பசியை மூட்டியது மருந்து, அதன் அளவுக்குப் பாரம்பரியமும் ஒரு காரணம்.

இதை அறிவதால் என்ன பயன்? கடும் மனநோயுள்ளோர் மற்றவரைவிட 10 முதல் 20 ஆண்டுகள் முன்னதாக இறக்கின்றனர் என உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. இதய நோய் அதற்கு முக்கியக் காரணங்களுள் ஒன்று. எனவே எடையை அசட்டை செய்யலாகாது. அதற்கு அஞ்சி மாத்திரையை நிறுத்துவதும் ஆகாது. வேறு மருந்துக்கு அடங்காத மனச்சிதைவு நோயைப் பலருக்குத் தணிப்பது, எடையை மிகக் கூட்டும் அதே குளோசபின்தான்.

வழிகள் உள்ளன. மருந்து தொடங்கும் நாளிலேயே எடையையும் இடுப்பளவையும் குறித்து வைத்து, மாதந்தோறும் ஒப்பிட வேண்டும். கூடினால் மருத்துவரிடம் உடனே கூறவேண்டும். அவர் மருந்தை மாற்றலாம், வேறு மருந்தைச் சேர்க்கலாம். 2008இல் வெளியான, சீனாவில் 128 நோயாளிகளிடம் 12 வாரம் நடந்த ஆய்வில், நீரிழிவுக்குத் தரப்படும் மெட்பார்மின் மாத்திரையும் உணவுக் கட்டுப்பாடும் உடற்பயிற்சியும் சேர்ந்தபோது எடை நன்கு குறைந்தது. இதையும் மருத்துவர் சொல்லியே உண்ணவேண்டும்.

மாணவ நண்பர்களே! நம்முடைய வீடுகளிலும் தெருக்களிலும் இத்தகையோர் உள்ளனர். மருந்தை மாற்றுவது மருத்துவர் வேலை. ஏளனப் பேச்சை மாற்றுவது நம் வேலை. பாடநூலில் படித்த ஜீனைத் தேர்வுத் தாளில் எழுதிவிட்டு மறந்துவிடாமல், நம் வீட்டுத் திண்ணையிலும் எடுத்துச் சொல்வோம்.